வீட்டு வேலையும் விண்மீன் வேலையும்

டிசம்பர் மாதம் பிறந்தவுடன் திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் உள்ள கிறிஸ்தவ இல்லங்களில் இருவகை வேலைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஆண்டு முழுவதும் ஓயாத வீட்டு வேலை ஒன்று. பண்டிகையை முன்னிட்டு அஃது இருமடங்காகப் பெருகுகின்றது. நட்சத்திரம் கட்டுதல், குடில் அமைத்தல், வர்ணத்தாளில் தோரணம் ஒட்டுதல் முதலிய அலங்கார வேலை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், பெரும்பாலும் ஒரே கைகளாற் செய்யப்படவேண்டியனவாயிருக்கின்றன. வாயிலில் நட்சத்திரம் ஒளிவிடும் வீட்டில் ஊறிய அரிசி மாவாகாமற் கிடக்கின்றது; முறுக்கும் அதிரசமும் பானை நிறைந்த வீட்டில் மூங்கிற் சிம்புகள் திண்ணை மூலையிற் கட்டப்படாமலே கிடக்கின்றன. இவ்விரு வேலைகளும் ஒன்றுக்கொன்று பகையாகாதவாறு செய்து முடிப்பது எங்ஙனம் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கடைகளில் நட்சத்திரம் எளிதிற் கிடைக்கும்போது கையாற் கட்டுவானேன் என்று கேட்பார் உளர். அவரோடு வாதிடுவது நம் கருத்தன்று. கட்டவேண்டும் என்னும் ஆசையுடையார்க்கே எழுதுகின்றோம். அவ்வாசை இல்லாதார் கடை நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு நிம்மதியாக உறங்கலாம். அதிற் குற்றமொன்றுமில்லை.

முதலில் வீட்டு வேலையின் இயல்பை நோக்குவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆகவே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதாயினும், அரிசியை உலர்த்துவதாயினும், திரைச்சீலைகளையும் படுக்கை விரிப்புகளையும் துவைத்துக் காயவைப்பதாயினும் வானத்தைப் பார்த்தே செய்யவேண்டும். வெயில் முகங்காட்டும் நாளொன்றில் இம்மூன்றும் ஒருங்கே முற்றத்தை வேண்டி நிற்கும். அம்முற்றத்தையே நட்சத்திரம் கட்டுவோரும் வேண்டுவர். இனிப் பலகாரமோ அவசரத்துக்கு இணங்காதது. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முற்றும் போகாமல் நிழலில் உலர்த்தி, மாவாக்கி, வெல்லப்பாகிற் கிளறிவைத்த பின்னரும் அம்மாவு ஓரிரு நாள் இருந்து பக்குவம் அடைதல் வேண்டும். இவற்றோடு பித்தளைப் பாத்திரங்களைப் புளியிட்டு விளக்குதல், தையற்காரரிடம் நடையாய் நடத்தல், வெளியூரிலிருந்து வரும் உறவினர்க்கு இடம் ஒழித்தல் ஆகியனவும் சேரும். நள்ளிரவிற் கீதம் பாடிவரும் குழுவினர்க்குக் காப்பி போடுவதும் வீட்டு வேலையே என்பதைப் பாடிச் செல்வோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வேலைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுட் பெரும்பகுதி காத்திருத்தலாகும். அரிசி ஊறக் காத்திருத்தல், சுண்ணாம்பு உலரக் காத்திருத்தல், மாவு புளிக்கக் காத்திருத்தல் எனப் பல. அலங்கார வேலையும் அத்தகையதே. பசை காயவேண்டும், விதை முளைக்கவேண்டும், ஊறவைத்த மூங்கில் வளையவேண்டும். இரசாயன சாலையில் வடிதாளின் வழியே கரைசல் துளித்துளியாக இறங்கும்போது மாணவன் அதனையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அடுத்துச் சேர்க்கவேண்டிய பொருளை நிறுத்து வைத்துக்கொள்கின்றான். ஒரு வேலையின் காத்திருப்பில் மற்றொரு வேலையின் செய்கையைப் புகுத்துதலே நாம் கூறும் முதல் வழி.

ஆயினும் எந்த வேலையோடு எதனை இணைப்பது என்பதில் அறிவு வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருக்கும்போது வேறெந்த வேலையும் கூடாது. அப்போது தாள் ஒட்டுவது தீயோடு விளையாடுவதாகும். முறுக்குச் சுற்றிய கையில் எண்ணெய்ப்பசை இருக்குமாதலின் அக்கை பட்ட தாளிற் பசை பிடிக்காது. சாயத்தாள் ஒட்டிய கையோ மாவைத் தொடத் தகாதது. பசைக்குப் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சிறிது சேர்ப்பது வழக்கம், துத்தம் நஞ்சு. ஆகையால் பசை காய்ச்சும் சட்டியும் கிண்டும் குச்சியும் சமையலுக்கு உரியனவல்லாத பழம்பொருள்களாக இருத்தல் வேண்டும். மீந்த பசையைக் குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்தலும் வேண்டும். ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் பசைக்குத் துத்தமே வேண்டா. பருத்தித்துணி உலர்த்தல், அரிசி ஊறவைத்தல், வீடு மெழுகி உலரவிடல் போன்ற ஈரவேலைகளின் இடைவேளையே தாள் ஒட்டுதற்கு ஏற்றது.

குடிலுக்கு வேண்டிய பசும்புல்லைப் பற்றி நெடிது கூறவேண்டுவதில்லை. கம்பையோ கேழ்வரகையோ ஓரிரவு ஊறவைத்துத் துணியில் முடிந்து, முளை கண்டபின் மண் பரப்பிய தட்டில் தூவினால் எட்டுப் பத்து நாளில் மூன்று நான்கு அங்குலம் வளரும். 24ஆம் தேதி மாலையிற் குடில் அமைப்பார் 14ஆம் தேதியளவில் விதைத்துவிடல் நன்று. நீர் தெளிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தைக்குக் கொடுக்கலாம். நாளுக்கு நான்கு முறை நீர் ஊற்றிவிடாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

நட்சத்திரத்தைப் பற்றியே விரித்துரைத்தல் வேண்டும்; அலங்கார வேலையில் நேரத்தை விழுங்குவது அதுவேயாகும். 36 அங்குல நீளமுள்ள மூங்கிற் சிம்புகள் பத்துச் சேகரித்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் இரு நுனிகளிலிருந்தும் 13¾ அங்குலம் அளந்து குறியிட்டால் இரு குறிகளுக்கும் இடையே 8½ அங்குலம் நிற்கும். ஐந்து சிம்புகளை, ஒன்றன் குறியின்மேல் மற்றொன்றன் குறி படியுமாறு மேலுங்கீழுமாகக் கோத்து, நுனிகளைச் சணல் நூலாற் கட்டினால் ஐம்முனை நட்சத்திரம் தானே அமையும், கோணமானி வேண்டுவதில்லை. நீளம் வேறாயினும் விகிதம் மாறாது. முழு நீளத்தை 1000 பங்காகக் கொண்டால் நுனிப் பகுதிகள் ஒவ்வொன்றும் 382 பங்கு, நடுப்பகுதி 236 பங்கு. கணிதம் பயில்வோர் இதிற் பொன்விகிதத்தைக் கண்டுகொள்வர். இவ்வாறே இரண்டாவது கூட்டையும் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து நுனிகளையும் சேர்த்துப் பிணித்து, உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் 6 அங்குலக் குச்சி ஒவ்வொன்றை முட்டுக்கொடுத்தால், தட்டையாயிருந்த கூடு நடுவிற் புடைத்தெழும்.

இனித் தாள் ஒட்டவேண்டிய முகங்கள் 22. எங்ஙனமெனின், முன்புறம் நடுவில் ஓர் ஐங்கோணமும் அதனைச் சூழ ஐந்து முக்கோணங்களும் ஆக ஆறு. பின்புறம் அவ்வாறே ஆறு. பக்கங்களிற் குறுகிய முக்கோணங்கள் பத்து. இவ்வெண்ணிக்கையை வேடிக்கைக்காகக் கூறினோமல்லோம். கூடு கட்டுதல் இடையூறின்றிச் செய்யவேண்டிய வேலை; பிடிப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர் என இருவர் ஒரு மாலைப்பொழுது முழுதும் அமர்தல் வேண்டும். அதனை வீட்டு வேலையோடு இணைக்க முயல்வோர் இரண்டையும் கெடுப்பர். ஒட்டுதலோ அவ்வாறன்று. முன்னரே 22 துண்டுகளையும் வெட்டி வைத்துக்கொண்டால், கிடைக்கும் இடைவேளைதோறும் மூன்று நான்காக ஒட்டிவிடலாம். ஒருபுறம் காய்ந்த பின்னரே மறுபுறம் திருப்பவேண்டியிருப்பதாற் பசையும் அதனையே விரும்புகின்றது. மழைநாளில் அது காய்வதற்கு ஓரிரவு பிடிக்கும். ஐங்கோணங்களுள் ஒன்றை மட்டும் ஒருபக்கம் ஒட்டாது விட்டால் விளக்கை உள்ளே வைக்கவும் எடுக்கவும் வாயில் ஆகும். மெழுகுவர்த்தியை உள்ளே ஏற்றுவது இனி வேண்டா. பழைய 40 வாட் இழைவிளக்கும் தாளைப் பொசுக்கவல்ல சூடுடையது, எல்.இ.டி. விளக்கே தாள் நட்சத்திரத்துக்கு ஏற்றது.

இதுகாறும் கூறியது நேரத்தைக் கணக்கிடும் முறை. நிற்க. இம்முறையில் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. காத்திருக்கும் நேரமெல்லாம் ஒட்டும் நேரமாக வேண்டும் என்றோம். அரிசி ஊறும் அந்த அரைமணி நேரத்திலேதான் வீட்டு அன்னையார் சற்றே சாய்ந்து அமர்கின்றார் என்பதை நினைக்க. அவ்வமர்வையும் நட்சத்திரத்துக்கென்று கேட்போமாயின், வேலைகள் இணைந்து முடியும் என்பது மெய்தான். அன்னையாரின் ஓய்வை எடுத்து இட்டு நிரப்பியே அவை முடியும் என்பதும் மெய். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இல்லத்தார்க்கென ஊதியமின்றி வீட்டு வேலை செய்த பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். அவ்வேலையிற் கைவைத்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். கைவைத்தவர் தொகையோ பெண்களில் நூற்றுக்கு 81, ஆண்களில் நூற்றுக்கு 26. இஃது எல்லா நாட்களுக்கும் உரிய கணக்கு. பண்டிகை வாரத்தின் கணக்கை வாசகர் தத்தம் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஆதலின் ஒருவரே இரண்டு வேலைகளையும் ஏற்கத்தக்க சூழ்ச்சியைக் கண்டுபிடிப்பதைவிட, இரண்டு வேலைகளுக்கும் வேறு வேறு ஆட்களைக் கண்டுபிடிப்பதே மேல் என்பது நம் துணிபு. அவ்வாட்கள் தொலைவில் இல்லை. இம்மலரைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்போரே அவர். கல்லூரி விடுமுறை தொடங்கி மாணவர் ஊர் சேரும்போது பண்டிகைக்குச் சில நாட்களே எஞ்சியிருக்கும். வந்தவுடன், "நம் வீட்டுக்கு மட்டும் இன்னும் நட்சத்திரம் இல்லையா, அம்மா?" என்று கேட்பவர் பலர். அக்கேள்வி அடுப்படியில் எவ்வாறு கேட்கும் என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை.

இவ்விடத்தே ஒரு பழைய செய்தி பொருந்துகின்றது. ஜெர்மனி நாட்டின் கிழக்கிலுள்ள நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில் 1830ஆம் ஆண்டுகளில், வடிவகணிதப் பயிற்சியாகக் காகித நட்சத்திரங்கள் செய்விக்கப்பட்டன. சதுர அடியுடைய முனைகள் 17, முக்கோண அடியுடைய முனைகள் 8, ஆக 25 முனைகளையுடைய நட்சத்திரம் அவ்வழியில் உருப்பெற்றது. விடுதிப் பிள்ளைகள் கற்ற அக்கைவேலை அவர்தம் இல்லங்களுக்கும் பரவியது. பீட்டர் வெர்பேக் என்பவர் 1897இல் அருகிலுள்ள ஹெர்ன்ஹூட் நகரில் அதனை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். அச்சபையார் 1760ஆம் ஆண்டிலேயே நமது தரங்கம்பாடிக்கு வந்திருந்தனர். ஆனால் நட்சத்திரம் தோன்றுமுன்னரே இங்கிருந்து போய்விட்டனர். ஆகவே நம் மூங்கில் நட்சத்திரத்துக்கும் அவர்க்கும் உறவு கற்பிக்கவேண்டா. நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது வேறு. அங்கே நட்சத்திரம் விடுதியிற் பிறந்து வீட்டுக்குச் சென்றது. வீட்டாரின் வேலையோடு வேலையாகப் பிறக்கவில்லை.

நம் விடுதிகளிலும் அவ்வாறு செய்யத் தடையென்ன? 22 துண்டுகளையும் அட்டையில் அளவு வரைந்து நவம்பர் மாதத்து மாலைகளில் வெட்டிவிடலாம்; அவை ஒரு புத்தகத்தின் இடையே அடங்கும். தோரணச் சங்கிலிகளை விடுதி அறையிலேயே ஒட்டி முடிக்கலாம். மூங்கிலை மட்டும் ஊரிற் பெறலாம். ஊர் சேர்ந்தபின் கூடு கட்டும் மாலைப்பொழுதுக்கு இரண்டாவது ஆளாகத் தம்பியை அழைக்கவேண்டுமேயன்றி, மாவு சலித்துக்கொண்டிருக்கும் தங்கையை எழுப்பலாகாது. எழுப்பினால் அச்சல்லடையைத் தாம் வாங்கிக்கொள்ளவேண்டும். பசைச்சட்டியைக் கழுவுவதும், சிதறிய தாட்துண்டுகளைப் பெருக்குவதும், சாயம் படிந்த திண்ணையைத் துடைப்பதும் நட்சத்திரம் கட்டினவர்க்கே உரியன. கட்டியவர் புகழ் பெற, பெருக்கியவர் இடுப்பு வலி பெறும் வீடுகளை நாம் அறிவோம்.

சில அலங்காரங்களைக் கைவிடுதலும் வேண்டியதே. நட்சத்திரம், குடில், தோரணம், சவுக்குக் கிளையில் மரம் என நான்கையும் ஒரே ஆண்டிற் செய்யும் வீட்டில் 24ஆம் தேதி இரவு எவரும் நல்ல முகத்தோடு இருப்பதில்லை. வைகறை ஆராதனைக்கு எழவேண்டியவர் அனைவரும் அவ்விரவில் உறங்கக்கூடிய அளவே அலங்காரத்தின் அளவு என்று வீட்டார் கூடி முன்னரே முடிவு செய்துகொள்ளலாம். இரண்டுக்கு மேல் வேண்டா என்பது நம் எண்ணம். அவற்றுள் ஒன்று நட்சத்திரமாயின் மற்றது எளிதான ஒன்றாதல் நன்று.

இறுதியாக, இறக்கும் வேலை. ஜனவரி 6ஆம் தேதிவரை நட்சத்திரத்தை வைத்திருப்பது பல வீடுகளில் வழக்கம். விடுமுறையோ அதற்கு முன்னரே முடிந்துவிடும். ஏணி வைத்து ஏறி இறக்குவதும் அன்னையார்க்கே என்றாகாதபடி, ஊருக்குப் புறப்படும் நாளின் காலையிலேயே மாணவர் அதனை இறக்கிவிடுக. தாளை நனைத்து உரித்து, ஐந்து முட்டுக்குச்சிகளையும் கழற்றினால் கூடு மீண்டும் தட்டையாகும். நுனிக் கட்டுகளை அவிழ்க்கவேண்டுவதில்லை. குச்சிகளைச் சேர்த்து ஒரு கயிற்றாற் சுற்றிப் பரண்மேல் ஈரம் படாத பக்கத்தில் வைத்துவிட்டால், அடுத்த நவம்பரில் தாள் மட்டும் வாங்கினாற் போதும்.