கடுகு எண்ணெயும் கனோலா எண்ணெயும்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். அந்தக் காரத்தையும் எண்ணெயையும் மாற்றியமைக்கப் பயிர் விஞ்ஞானிகள் செய்த வேலையின் பயன், கேரம் டவுன்ஸில் நம் சமையலறை வரை வந்திருக்கிறது. அதைப் பற்றி இம்முறை சிறிது அறிந்துகொள்வோம்.

காரம் எப்படி வருகிறது?

கடுகு விதையில் குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்வையும் மைரோசினேஸ் என்னும் நொதியமும் தனித்தனியே இருக்கின்றன. அரைத்து நீர் சேர்த்தால் இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. பூச்சிகளிடமிருந்து தப்பச் செடி வைத்திருக்கும் காவல் இது. தாளிக்கும்போது சூட்டில் நொதியம் அழிந்துவிடுவதால்தான் வெடித்த கடுகு அவ்வளவாகக் காரமில்லை.

எரூசிக் அமிலம்

விதை முற்றும்போது செடி, ஒலெயிக் அமிலத்தின் சங்கிலியை நீட்டி எரூசிக் அமிலமாக்குகிறது. இதை அதிகம் உண்ட ஆய்வு விலங்குகளின் இதயத் தசையில் கொழுப்புப் படிந்தது. மனிதரில் அப்பாதிப்பு நிறுவப்படவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கையாக, அவுஸ்திரேலியாவில் சமையல் எண்ணெயில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கனடாவில் கீத் டவுனி, பால்டர் ஸ்டெபான்சன் ஆகியோர், கடுகின் உறவான ரேப்சீட்டில் இந்த நீட்டல் நடைபெறாத செடிகளைத் தேர்ந்து பெருக்கினர். எரூசிக், குளுக்கோசினோலேட் இரண்டும் குறைந்த 'டவர்' இனம் 1974இல் வெளிவந்தது. அந்த வகைக்கே 1978இல் கனோலா என்று பெயரிட்டனர். நீளாமல் நின்ற ஒலெயிக் அமிலமே கனோலா எண்ணெயில் மிகுதி.

அவுஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் பிளாக்லெக் எனும் பங்கசு நோய் இப்பயிரை அழித்தது. நோயைத் தாங்கும் இனங்களை உருவாக்கிய பின்பே பயிர் மீண்டது. மழை குறைந்த நிலங்களுக்காக, விக்ரோரியாவின் ஹோர்ஷமில் நம் கடுகுச் செடியிலிருந்தே கனோலாத் தரமுள்ள இனங்களை உருவாக்கினார்கள். வரட்சியையும் வெப்பத்தையும் தாங்குவதும், காய் எளிதில் வெடித்துச் சிதறாததும் கடுகின் சிறப்பு.

நாம் கவனிக்க வேண்டியவை

• ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016இல் வகுத்த எல்லை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் எரூசிக் அமிலம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். எரூசிக் 40 சதவீதமுள்ள கடுகு எண்ணெயில் ஒரு தேக்கரண்டியிலேயே சுமார் 1,800 மில்லிகிராம் உண்டு.

• ஊறுகாய்க்கோ பொரியலுக்கோ கடுகு எண்ணெய் வாங்குமுன் போத்தலின் லேபிளைப் படியுங்கள். வெளிப்பூச்சுக்கு மட்டும் என்றிருந்தால் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

• குடும்பம் முழுவதற்குமான கறியில் தாளிக்கும் சிறிதளவு கடுகு பற்றிக் கவலை வேண்டாம்.

• கனோலாவும் எண்ணெய்தான், அளவோடு பாவிப்போம். இதய நோயுள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.