காதில் சிற்றுண்ணி, கூண்டில் இரண்டு முயல்கள்

எட்டாம் வகுப்பில் கணுக்காலிகள் நடத்திய அன்று, கூரத்து நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்க முயல் காதுக்குள்ள பழுப்பாப் பொருக்கு இருக்கு. நாய்க்கு வாங்குன உண்ணி மருந்த விடலாமா டீச்சர்?" விடு என்று சொல்லியிருப்பேன். ஏதோ தயக்கத்தில் காஞ்சிபுரத்தில் கால்நடை மருத்துவரைக் கேட்டேன். அது ஃபிப்ரோனில், நாய் தாங்கும், முயலுக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம்.

முயலின் எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி போட்டார். முட்டைகளை அது கொல்லாது. அதனால் இரு வாரத்தில் மறு ஊசி. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, கடுமையாக வலிக்கும். குணமாகும்போது தானே உதிரும். நலமாகத் தெரிந்த ஜோடி முயலுக்கும் அன்றே ஊசி. பிரித்து வைக்கச் சொல்வார் என நினைத்தேன். ஒன்றாகப் படுப்பவை, தொற்று ஏற்கெனவே பரவியிருக்கும். பிரித்துச் சேர்த்தால் கடித்துக்கொள்ளும் என்றார். கூண்டை மட்டும் வெந்நீரில் கழுவி, வைக்கோலை மாற்றினார்கள்.

ஐவர்மெக்டினின் மூலம் ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா. அதற்காக ஒமுராவும் கேம்பெல்லும் 2015இல் நோபல் பரிசு பெற்றதை வகுப்பில் சொன்னேன். உதிர்ந்த பொருக்கை நுண்ணோக்கியில் வைத்தோம். எட்டுக் கால் என்றேன். ஒரு மாணவன் ஆறு என்று சாதித்தான். அவன் பார்த்தது இளம் உயிரி, அதற்கு ஆறுதான்.