ஒப்புகை வராத செய்தி

சேத்தியாத்தோப்பு

சிரஞ்சீவி தம்பிக்கு,

வெள்ளாற்றங்கரை மழைமானிகளிலிருந்து நெய்வேலி நகரியத்திலுள்ள உன் கம்ப்யூட்டருக்கு வானொலி அலை வழியே மழையளவை அனுப்புவதற்காக நீ வகுத்திருக்கும் ஏற்பாட்டின் விவரக் குறிப்பை, உன் தகப்பனார் சென்ற வாரம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிழையைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைப் பற்றி உனக்குப் பாடம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவற்றை நீ ஐயமறக் கற்றிருக்கிறாய். ஆனால் ஐந்தாம் பக்கத்தில், "ஒப்புகை இரண்டு விநாடிக்குள் வராவிடில், செய்தி தொலைந்ததாகக் கொண்டு, புதிய வரிசை எண்ணுடன் உடனே மறுபடி அனுப்புக" என்று நீ எழுதியிருக்கும் வாக்கியத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செய்திதான் தொலைந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? செய்தி க்ஷேமமாகப் போய்ச் சேர்ந்து, ஒப்புகை மாத்திரம் திரும்பும் வழியில் அழிந்திருக்கலாமல்லவா? அனுப்பியவனுக்கு இரண்டும் ஒரே மௌனமாகவே தோன்றும். அந்த மௌனத்துக்கு ஓர் அர்த்தத்தை மட்டும் கற்பித்துக்கொண்டு காரியம் செய்வது இத்தொழிலில் பெரிய அபராதம் என்பது என் திடமான அபிப்பிராயம். உன் மழைமானியின் வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீட்டர், ஐந்து முறை கவிழ்ந்ததும் ஒரு மில்லிமீட்டர் என்று ஒரு செய்தி புறப்படுகிறது. அதன் ஒப்புகை தொலைந்து, அதே செய்தி புது எண்ணோடு மறுபடி வந்தால், வாங்கும் இடத்தில் அது வேறொரு மில்லிமீட்டராகக் கூட்டப்படும். இடியும் மின்னலும் மின்தடையுமாக ஒப்புகைகள் மிகுதியாகத் தொலைகிற அடைமழை இரவில்தான், வானம் பெய்யாத மழையையெல்லாம் உன் ஏடு பெய்ததாக எழுதிக்கொள்ளும்.

1969-இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஸ்கான்டில்பரி, வில்கின்சன் என்ற மூவர், ஒரு செய்திக்கு ஒப்புகை வந்தபின்பே அடுத்ததை அனுப்பும் இணைப்பில், பூஜ்யமும் ஒன்றுமாக மாறி மாறி வரும் ஒரே ஒரு பிட்டை எண்ணாக வைத்துக்கொண்டாலே பழையது எது, புதியது எது என்று பிரித்தறியலாம் என்று காட்டினார்கள். ஒரு பிட்டால் நடக்கிற காரியத்தை, எட்டு பிட்டுகளை எண்ணுக்கென்றே ஒதுக்கியிருக்கும் நீ, மறுமுறை அனுப்பும்போது எண்ணை மாற்றிக் கெடுத்துவிட்டாய். மறுபடி அனுப்பும் செய்திக்குப் பழைய எண்ணே இருக்கட்டும். முன்பே வந்த எண்ணைக் கண்டால் வாங்குபவர் கணக்கில் சேர்க்காமல், ஒப்புகையை மாத்திரம் தவறாமல் திரும்ப அனுப்பட்டும். இன்னும் உத்தமமான மார்க்கமும் உண்டு: இந்தச் செய்திக்குரிய ஒரு மில்லிமீட்டரை அனுப்பாமல், காலைமுதல் பெய்த மொத்த மழையை அனுப்பு, பத்து முறை வந்தாலும் மொத்தம் மாறாது, இடையில் ஒன்று தொலைந்தாலும் அடுத்தது அதை ஈடுசெய்துவிடும்.

தந்தி உயிரோடிருந்த காலத்தில், கார்த்திகை மழையில் கம்பி அறுந்து அறுந்து கூடும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எங்களுக்கும் எழும். ஓர் இரவு, மகளின் பிரசவச் செலவுக்கென்று ஒரு தகப்பனார் அனுப்பிய தந்தி மணியார்டர் வந்துகொண்டிருக்கையில் கம்பி போயிற்று. கூடியதும் எதிர்முனையிலிருந்து அது முழுவதும் மறுபடி வந்தது. எங்கள் மூத்த தந்தியாளர் முதல் தாளையும் இரண்டாம் தாளையும் விளக்கடியில் அருகருகே வைத்து, எண் ஒன்றே என்று கண்டு, இரண்டாவதைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக மட்டும் பதில் தட்டினார். எண் மாறியிருந்தால் சர்க்கார் பணம் இருமுறை பட்டுவாடாவாகியிருக்கும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோயிற்று. அந்த நியாயம் நின்றுபோகவில்லை.

இரண்டாவது, உன் இரண்டு விநாடி. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கிப் போயிற்று. நெரிசலில் பதில் தாமதிக்க, தாமதத்தை இழப்பென்று எண்ணி ஒவ்வொரு கணிப்பொறியும் மறுபடி மறுபடி அனுப்ப, பரிகாரமே வியாதியை வளர்த்த கதை அது. வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரை அதைத் தீர்க்கும் வழியைக் காட்டிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபின் நம் ஜில்லாவில் மின்சாரம் எத்தனை நாள் இல்லாதிருந்தது என்பதை நீ கண்டிருக்கிறாய். அப்படியொரு நாளில் உன் நடுநிலையம் அணைந்து மீண்டால், கரையோரத்து நிலையங்களெல்லாம் ஒரே விநாடியில் சேர்ந்து கூவி ஒன்றையொன்று அழிக்கும். ஆகையால் ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு; அத்துடன் நிலையத்துக்கு நிலையம் வேறுபடும்படி தற்செயலான சிறு தாமதத்தையும் சேர்.

இத்தனை கடிந்துகொண்டபின் இதையும் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரனாவேன். நள்ளிரவில் அன்றைய பதிவுகளை எல்லாம் மொத்தமாக அனுப்பி, அவற்றில் எவை வந்தன, எவை வரவில்லை என்பதை ஒரே ஒப்புகையில் பதிவுக்கு ஒரு பிட்டாகப் பெற்று, விடுபட்டவற்றை மாத்திரம் மறுபடி அனுப்புவதாக நீ அமைத்திருக்கும் பகுதி அதி அற்புதமானது. ஒன்று தவறினால் அதற்குப் பின் போனவற்றையும் சேர்த்துத் திரும்ப அனுப்பும் பழைய வழக்கத்தை விட்டு, பாட்டரியின் ஒவ்வொரு துளிச் சக்தியையும் மதித்து எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்து ஆனந்தப்பட்டேன். இரவில் இவ்வளவு தெளிவாக யோசித்த நீ, பகல் செய்திக்கும் அதே சிரத்தையைக் காட்ட வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் ஒரு பரீட்சை செய்: செய்திகளை எல்லாம் போகவிட்டு, ஒப்புகைகளை மட்டும் வேண்டுமென்றே பாதிக்குப் பாதி அழித்துப் பார். ஏட்டிலுள்ள மழையும் குடுவையில் பிடித்த மழையும் ஒத்திருந்தால் உன் ஏற்பாட்டைக் கரையில் நடு; ஒவ்வாவிட்டால் ஐந்தாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டு என்னிடம் வா.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை நாடும் பழைய தந்திக்காரன்