காடாத் துணியைத் தேடிப் பாருங்கள்

பாரிஸுக்குப் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "டியோர் கேலரிக்கு டிக்கெட் எடுக்கலாமா, இல்லை அது வெறும் விளம்பரமா?" விளம்பரம்தான், ஆனாலும் போங்கள் என்பேன். ஒரு பெரிய ஃபேஷன் நிறுவனம் தன் பெருமையைத் தானே பேச எழுப்பிய இடம் அது. அதே இடத்தில்தான், உலகின் மிகத் தேர்ந்த தையல் வேலையை ஓரடி தூரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. எதைப் பார்ப்பது என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு போனால் அந்த அரைநாள் வீண்போகாது. ரவிக்கை தைப்பதும் தையல் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். அதனால் என் கண் துணியை விட்டு நகரவில்லை. அங்கே கற்றுக்கொண்டதை, போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

போவதற்கு முன்

லா கேலரி டியோர் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. வாசல் பிரான்சுவா பிரமியே தெருவில், 11ஆம் எண். செவ்வாய்க்கிழமை விடுமுறை. டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும். காலை 11 மணிக்குத் திறக்கும்போது நுழையும் முதல் குழுவில் இடம் பிடிப்பது நல்லது. மதியத்துக்கு மேல் ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் நான்கு கைப்பேசிகள் நீண்டிருக்கும். மெட்ரோவில் வருவதானால் 9ஆம் வழித்தடத்தில் அல்மா மார்சோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

வரலாற்றையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். இந்த வாசலும், புகழ்பெற்ற 30, அவென்யூ மோன்தேஞ் முகவரியும் ஒரே கட்டடத் தொகுதியைச் சேர்ந்தவை. கிறிஸ்டியன் டியோர் 1946 டிசம்பரில் தன் நிறுவனத்தைத் தொடங்கியது அங்கேதான். 1947 பிப்ரவரி 12 அன்று முதல் தொகுப்பை அங்கேதான் காட்டினார். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ அதற்கு 'நியூ லுக்' என்று பெயர் வைத்தார். 1957இல் டியோர் இறந்துபோனார். பத்தே ஆண்டுகளில் முடிந்துவிட்ட தொழில் வாழ்க்கை அது. அவர் இருந்து வேலை செய்த அலுவலக அறையை இன்றும் காட்டுகிறார்கள். அவருக்குப் பின் வந்த இவ் சென் லோரான், மார்க் போஆன், ஜான்ஃபிராங்கோ ஃபெர்ரே, ஜான் கலியானோ, ராஃப் சைமன்ஸ், மரியா கிராட்சியா கியூரி ஆகியோரின் பெயர்களையாவது வரிசையாகத் தெரிந்துவைத்திருந்தால், எந்த உடை யார் கைவண்ணம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

படிக்கட்டில் நின்றுவிடாதீர்கள்

நுழைந்ததும் ஒரு சுழல் படிக்கட்டு. அதைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை கண்ணாடிப் பேழைகள். குட்டிக் கவுன், தொப்பி, காலணி, கைப்பை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு உருவங்களை நிறவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நிறம் மெல்ல மாறிக்கொண்டே போகும். அத்தனையும் முப்பரிமாண அச்சில் எடுத்தவை. கூட்டம் அதிகம் தேங்குவதும் இங்கேதான். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். இது கண்ணைக் கவரச் செய்த அலங்காரம்; கற்றுக்கொள்ள வேண்டியது உள்ளே இருக்கிறது.

உள்ளே வெளிச்சம் குறைவாக இருப்பதைப் பார்த்து, நாடகத்தன்மைக்காகச் செய்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பட்டும் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்து இற்றுப்போகும் என்பதால், துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுதான் ஒளி இருக்கவேண்டும் என்பது அருங்காட்சியகங்களின் பொது நடைமுறை. உடைகளை அடிக்கடி மாற்றிவைப்பதற்கும் அதுதான் காரணம். நீங்கள் இணையத்தில் பார்த்த கவுன் நீங்கள் போகும் நாளில் அங்கே இல்லாமல் போகலாம். கைப்பேசியை ஃபிளாஷ் இல்லாமல் வைத்துக்கொண்டு, கண் பழகும்வரை சற்றுப் பொறுங்கள். கறுப்பு என்று நினைத்த துணி கருநீலம் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒரே உடைக்கு கால் மணி நேரம்

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் எதுவும் மனதில் தங்காது. பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் முன் நின்றுவிடுங்கள். நான் நின்றது 'பார்' உடைக்கு முன்னால். 1947இன் முதல் தொகுப்பில் வந்த வடிவம் அது. தந்த நிற ஷான்டங் பட்டில் மேல்சட்டை. கீழே மடிப்பு மடிப்பாக விழும் கறுப்புக் கம்பளிப் பாவாடை. இடை ஒடுங்கி, அதற்குக் கீழே சட்டையின் ஓரம் குடைபோல விரிந்து நிற்கும். ஷான்டங் தானாக அப்படி நிற்கிற துணி இல்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, கான்வாஸ் கொடுத்து, இஸ்திரிப் பெட்டியாலேயே துணியை வளைத்து அந்த உருவத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கவாட்டில் போய் நின்று இடையில் டார்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு பாவாடைக்கு எத்தனை மீட்டர் துணி போயிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கில் ஒரு வரலாறும் இருக்கிறது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத காலம். பிரிட்டனில் உடைக்கு அப்போதும் ரேஷன் கூப்பன்தான்; 1949வரை அது நீடித்தது. அந்த நேரத்தில் மீட்டர் மீட்டராகத் துணியைக் கொட்டிய பாவாடைகளைக் கண்டு கோபப்பட்டவர்கள் பலர். டியோருக்கு முதல் போட்ட மார்சேல் புசாக், பிரான்சின் பெரிய பருத்தி ஆலை முதலாளி. துணி நிறையச் செலவாகும் ஃபேஷன் ஆலைக்காரருக்கு லாபம்தானே. எந்த நிறுவனமும் தன் கதையைத் தானே சொல்லும்போது அழகைத்தான் முன்னால் வைக்கும். பின்னால் இருக்கும் பணத்தையும் காலத்தையும் பார்வையாளர்தான் தேடிப் படிக்க வேண்டும்.

வாசனைத் திரவியத்துக்கும் இது பொருந்தும். 1947இல் வந்த 'மிஸ் டியோர்' டியோரின் தங்கை கேத்தரினின் பெயரால் வந்தது. நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றி, 1944இல் பிடிபட்டு, ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பியவர் அவர். இது தெரிந்த பிறகு அந்தப் புட்டியைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

காடாவும் கையும்

தையல் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேலரியின் உச்சம், வெள்ளை மாதிரிகள் நிற்கும் பகுதிதான். விலை உயர்ந்த துணியில் கத்தரி வைக்கும் முன், சாதாரணப் பருத்தித் துணியில் உடையை முழுதாகத் தைத்துப் பார்ப்பார்கள். பிரெஞ்சில் 'துவால்' என்பார்கள். நம் ஊர் தையல் கடைக்காரர் பார்த்தால் காடாத் துணி என்பார். நிறமும் பளபளப்பும் மணியும் இல்லாததால் வெட்டு அப்படியே தெரிகிறது. இழை நேராக ஓடுகிறதா, கிராஸாக வெட்டியிருக்கிறதா, கழுத்து எங்கே இழுக்கிறது, எந்த இடத்தில் பென்சிலால் திருத்தியிருக்கிறார்கள் என்று எல்லாம் படிக்கலாம். கூட்டம் இதைத் தாண்டி வேகமாகப் போய்விடும். நீங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

பட்டறைக் கைவினைஞர்கள் பார்வையாளர்கள் முன் உட்கார்ந்து வேலை செய்து காட்டுவதும் உண்டு. நான் போனபோது ஒரு பெண்மணி மெல்லிய பட்டின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நுனிவிரலை லேசாக ஈரமாக்கி விளிம்பை உருட்டுகிறார். ஊசி துணியிலிருந்து ஒன்றிரண்டு இழையை மட்டும் எடுக்கிறது. நூலை இழுத்ததும் தையல் மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "எவ்வளவு காலம் ஆயிற்று, மேடம், இது கைவர?" என்று உடன் வந்தவர் மூலம் கேட்டேன். "இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார் சிரித்துக்கொண்டே. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். தொழிலைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்து பதில் சொல்கிறார்கள்.

பூ வேலை எங்கிருந்து வந்தது?

உயரமான கூடத்தில் விருந்து கவுன்கள் வரிசையாக நிற்கும். சுவரெங்கும் ஒளிக்காட்சி ஓடும். அங்கே ஒளியை விட்டுவிட்டு எம்பிராய்டரியைப் பாருங்கள். பெயர்ப்பலகையைப் படிக்கும்போது வடிவமைப்பாளர் பெயரோடு நிறுத்தாமல், பூ வேலை செய்தவர்கள் யார் என்றும் தேடுங்கள். டியோரின் அண்மைக்கால எம்பிராய்டரிகளில் பல மும்பையின் சாணக்கியா பட்டறையில் உருவானவை. அந்தத் தொடர்பைக் கொண்டாடித்தான் 2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன் டியோர் தன் ஃபேஷன் ஷோவை நடத்தியது. பாரிஸின் புகழ்பெற்ற லெசாஜ் எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் பிரான்சுவா லெசாஜ், 1990களிலேயே சென்னைக்கு வந்து பட்டறை அமைத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தும் லூனேவில் கொக்கி ஊசியும், நம் கல்யாண ரவிக்கைகளில் ஓடும் ஆரி ஊசியும் ஒரே முறையில்தான் சங்கிலித் தையல் போடுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிற தமிழ்ப் பெண், அந்தக் கூடத்தில் அந்நியமாக நிற்க வேண்டியதில்லை.

முடிவாக

கேலரியைப் பார்த்து முடித்ததும் கடைக்குள் போகாமல் தெருவில் இறங்குங்கள். நடக்கும் தூரத்தில் இவ் சென் லோரான் அருங்காட்சியகமும், பாரிஸ் நகராட்சியின் ஃபேஷன் அருங்காட்சியகமான பலே கலியேராவும் இருக்கின்றன. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்ட அன்றே, நகராட்சி அருங்காட்சியகம் ஃபேஷன் வரலாற்றை எப்படிச் சொல்கிறது என்பதையும் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கலியேராவில் அப்போது கண்காட்சி நடக்கிறதா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் ஒரே நாள்தான் இருக்கிறீர்கள், தையலில் ஈடுபாடும் இல்லை என்றால், இந்த டிக்கெட் பணத்தை லூவ்ருக்குக் கொடுங்கள். தைக்கிறவர், தையல் கற்கிறவர், ஃபேஷன் படிக்கும் பிள்ளையை வைத்திருப்பவர் என்றால் அரைநாள் ஒதுக்குங்கள். நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும். பார்த்த வெட்டில் ஒன்றையாவது, ஊர் திரும்பியதும் காடாத் துணியில் வெட்டித் தைத்துப் பாருங்கள்.