ஏற்றத்தில் வாழும் இதயத்துக்கு எந்தச் சோதனை?

"பம்பிங் எவ்வளவு?" இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். எக்கோ ஸ்கேனில் 30 சதவீதம் என்று வந்தால் வீடே கலங்கிப்போகிறது. ஆனால் அது அவர் அசையாமல் படுத்திருந்தபோது எடுத்த எண். 30 சதவீதத்தோடு காபித் தோட்டத்துக்குப் போய் வருகிறவர் உண்டு. 45 இருந்தும் குளியலறை போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறவரும் உண்டு. உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிய, நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மலை ஊர்களான ஏற்காட்டிலோ கிளியூரிலோ குடியிருப்பவர் என்றால், எப்படி நடக்கவிடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் சமதரையில் நடக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.5 மில்லி ஆக்சிஜன் போதும். அதே வேகத்தில், 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் பாதையில் ஏற 17.5 மில்லி வேண்டும். இரண்டு மடங்கு! போதாததற்கு, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு.

உடலின் தாங்குதிறனை அறிய மூன்று சோதனைகள். எளியது ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் தாழ்வாரம், ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி போதும். நோயாளி தன் வேகத்தில் நடக்கலாம், நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. 1993இல் வெளியான சால்வ்ட் என்னும் இதய ஆய்வில், 300 மீட்டருக்குள் நின்றவர்களிடம் இறப்பு விகிதம் 450 மீட்டரைத் தாண்டியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஒரே குறை, இது சமதரைச் சோதனை. ஒரு எச்சரிக்கை: பாசத்தில் மகனோ மகளோ கூடவே நடந்தால் அவர்கள் வேகம்தான் பதிவாகும். விலகி நில்லுங்கள்.

அடுத்தது டிரெட்மில், ஊர் வழக்கில் டிஎம்டி. பெரும்பாலான இடங்களில் ஓடுவது புரூஸ் முறை. அது முக்கியமாக இதய ரத்தக்குழாய் அடைப்பைத் தேடப் பயன்படுவது; முதல் கட்டமே 10 சதவீதச் சரிவு, மூன்று நிமிடத்துக்கொரு முறை வேகமும் சரிவும் தாவும். பலவீனமான இதயத்துக்கு இது முரட்டு முறை. மாற்றியமைத்த புரூஸ் அல்லது நாட்டன் முறையில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கைப்பிடியை இறுகப் பிடித்து நடந்தால், அறிக்கையில் வரும் 'மெட்' என்ற உழைப்புத்திறன் அளவு பொய்யாக உயரும்.

முகமூடி மாட்டி மூச்சையே அளக்கும் இதய-நுரையீரல் உடற்பயிற்சிச் சோதனைதான் மூன்றிலும் துல்லியமானது. மற்றவை ஊகிப்பதை இது அளக்கிறது. உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு 14 மில்லிக்குக் கீழே போனால், பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு 12க்குக் கீழே போனால், இதய மாற்று பற்றிய பேச்சு வரும். மேலே சொன்ன ஏற்றத்துக்கு 17.5 வேண்டும் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். மூச்சுத்திணறலுக்குக் காரணம் இதயமா, நுரையீரலா, வெறும் பழக்கமின்மையா என்றும் இது பிரித்துக் காட்டும்; விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்கில் சமைத்தவருக்கு இந்தக் கேள்வி முக்கியம். செலவு அதிகம், செய்யும் இடங்கள் குறைவு. மிதிவண்டியில் எடுத்தால் அளவு டிரெட்மில்லைவிட 10 முதல் 20 சதவீதம் குறையும். இரண்டையும் ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

என் தேர்வு: தொடர்ந்து கவனிக்க ஆறு நிமிட நடை, ஒவ்வொரு முறையும் அதே தாழ்வாரத்தில். அதில் நன்றாக நடந்தும் வீட்டு ஏற்றத்தில் திணறினால், மெதுவாகச் சரிவு கூடும் டிரெட்மில். அறுவை, இதய மாற்று போன்ற பெரிய முடிவு என்றாலோ காரணம் புரியாவிட்டாலோ மூச்சளவுச் சோதனை. கடந்த ஒரு மாதத்தில் மாரடைப்போ, ஓய்விலேயே நெஞ்சுவலியோ வந்திருந்தால் எதற்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கிளியூர் அருவிப் படிகளில் இறங்கி ஏறி நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள். இறங்கும்போது இதயம் எதுவும் சொல்லாது. அது பேசத் தொடங்கும்போது நீங்கள் பள்ளத்தில் இருப்பீர்கள்.