வீட்டு மின் நீர்ச்சூடாக்கியின் வெப்பநிலையைப் பாதுகாப்பாகச் செப்பஞ்செய்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
மீட்டல்: வெப்பமும் மின்னும்

மாணவர்களே! நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் பல வீட்டுக் குளியலறைகளில் மின் நீர்ச்சூடாக்கியைக் காணலாம். பேச்சு வழக்கில் இதனைக் ‘கீசர்’ என்பர். காலையில் நேரமாகிவிட்டால், நீர் விரைவாகச் சூடாகும் என எண்ணி இதன் குமிழை உயர் அளவுக்குத் திருப்புவோர் உளர். இது பிழையான எண்ணம், ஆபத்தானதும்கூட. ஏன் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

1. அமைப்பு

வெப்பக் காவலிடப்பட்ட தாங்கியின் கீழ்ப்பகுதியில் வெப்பமாக்கும் சுருள் உள்ளது. சூடான நீரின் அடர்த்தி குறைவதால் அது மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். இவ்வாறு மேற்காவுகை மூலம் தாங்கியிலுள்ள நீர் சூடாகின்றது. எனவே சுடுநீர் தாங்கியின் மேற்பகுதியிலிருந்து பெறப்படும்.

2. வெப்பநிலைநிறுத்தி

இது வெப்பமாக்கும் சுருளுடன் தொடராக இணைக்கப்பட்ட தன்னியக்க ஆளியாகும். இதன் தத்துவம், வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவடைதல் ஆகும். ஈருலோகச் சட்டம் ஒன்றில் பித்தளை இரும்பைவிடக் கூடுதலாக விரிவதால், சூடாகும்போது பித்தளை வெளிப்பக்கமாக அமையுமாறு சட்டம் வளையும். அப்போது தொடுகை விலகிச் சுற்று திறக்கும். நீர் குளிர்ந்ததும் சட்டம் நிமிர்ந்து சுற்று மீண்டும் மூடும். குமிழைத் திருப்பும்போது மாறுவது, தொடுகை விலகும் வெப்பநிலை மட்டுமே. சூடாக்கியின் வலு மாறுவதில்லை.

3. கணித்துப் பார்ப்போம்

50 லீற்றர் நீர், 2 கிலோவாற்றுச் சூடாக்கி, ஆரம்ப வெப்பநிலை 20 பாகை செல்சியசு எனக் கொள்க. வெப்ப இழப்பைப் புறக்கணிக்க. 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகையால் உயர்த்த 4200 யூல் தேவை.

60 பாகைக்குச் சூடாக்கத் தேவையான வெப்பம்
= திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை ஏற்றம்
= 50 × 4200 × 40
= 8 400 000 யூல்

எடுக்கும் நேரம் = 8 400 000 ÷ 2000 = 4200 செக்கன் = 70 நிமிடம்

குமிழ் 75 பாகையில் இருந்தாலும், நீர் 60 பாகையை அடைய அதே 70 நிமிடமே எடுக்கும். வேறுபாடு யாதெனில், சூடாக்கி அங்கு நிற்காது தொடர்ந்து இயங்கும். அதன்பின் குழாயைத் திறக்கும் தம்பியோ பாட்டியோ அதனை அறியமாட்டார்.

4. எவ்வெப்பநிலை பொருத்தமானது?

60 பாகை நீர் சில செக்கன்களிலேயே தோலைக் கடுமையாகச் சுடக்கூடியது. சிறுவர்க்கும் முதியோர்க்கும் தோல் மெல்லியது. ஆபத்து மேலும் அதிகம். எனினும் தாங்கியின் வெப்பநிலையை மிகவும் குறைத்தலும் நன்றன்று. நியூமோனியாவை ஏற்படுத்தும் லெஜியனெல்லா என்னும் பற்றீரியா, ஏறத்தாழ 20 முதல் 45 பாகை வரையான நீரில் பெருகக்கூடியது. ஆகவே தாங்கியில் 60 பாகையளவில் வைத்து, குளிர்ந்த நீருடன் கலந்து பயன்படுத்துவது சிறந்தது. நீரைத் தானாகக் கலந்து அளவான சூட்டில் தரும் வால்வு பொருத்துவது மேலும் பாதுகாப்பானது.

5. செப்பஞ்செய்யும் முறை

(அ) குமிழ் வெளியே இருப்பின், உலர்ந்த கையால் சிறிதளவு மட்டும் திருப்புக.
(ஆ) குமிழ் மூடியினுள் இருப்பின் நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே 230 வோல்ற்று முடிவிடங்கள் உள்ளன. பிரதான ஆளியில் மின்னைத் துண்டித்து, தகைமை பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு செய்விக்க.
(இ) சூடாக்கி தானாக நின்றபின், சுடுநீர்க் குழாயிலிருந்து ஒரு பாத்திரத்தில் நீர் எடுத்து ஆய்கூட வெப்பமானியால் அளக்க. உடல் வெப்பமானியைப் பயன்படுத்தலாகாது. அதன் வீச்சு ஏறத்தாழ 35 முதல் 42 பாகை வரை மட்டுமே. கூடிய சூட்டில் அது உடையலாம்.
(ஈ) குளிக்கும்போது முதலில் குளிர்ந்த நீரையும் பின்னர் சுடுநீரையும் திறக்க.
(உ) நீர் கொதிக்கும் ஓசை கேட்டாலோ, குழாயிலிருந்து நீராவி வந்தாலோ, வெப்பநிலைநிறுத்தி பழுதடைந்திருக்கலாம். உடனே மின்னைத் துண்டிக்க. அமுக்கத்தை வெளியேற்றும் வால்வை ஒருபோதும் அடைக்கலாகாது.

சுடுநீர் பட்டுவிட்டால் அவ்விடத்தை 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடிக்க. பற்பசையோ பனிக்கட்டியோ இடலாகாது.

6. பயிற்சி

(அ) 30 லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க, 1.5 கிலோவாற்றுச் சூடாக்கிக்கு எவ்வளவு நேரம் தேவை? (வெப்ப இழப்பைப் புறக்கணிக்க.)
(ஆ) வெப்பநிலைநிறுத்தி சுருளுடன் தொடராக இணைக்கப்படுவது ஏன்?

விடை:
(அ) 30 × 4200 × 40 ÷ 1500 = 3360 செக்கன் = 56 நிமிடம்.
(ஆ) தொடுகை விலகும்போது சுருளினூடான மின்னோட்டம் முற்றாக நிற்பதற்கு.

நினைவில் கொள்க: சூடாகும் வீதத்தைத் தீர்மானிப்பது வலு, சூடாதல் எங்கு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலைநிறுத்தி. பரீட்சையில் பலர் இவ்விரண்டையும் குழப்பிப் புள்ளிகளை இழக்கின்றனர். வீட்டில் குழப்பினால் இழப்பு அதனிலும் பெரிது.