74-ல் ஏறி கடைசியில் இறங்குங்கள்

கேள்வி: எனக்கு 61 வயது. பாளையங்கோட்டையிலிருந்து நியூயார்க்கில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வீடு ஜாக்சன் ஹைட்ஸில். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு ரயிலில் தனியாகப் போய்வர ஆசை. “வழி தப்பிடும், சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்” என்கிறார் மாப்பிள்ளை. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். என்னால் முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: முடியும் அம்மா. அந்த ஊரில் ரயில் பழக உங்கள் வழியைவிட லேசான வழி கிடையாது. நீங்கள் ஏறவேண்டியது 7ஆம் நம்பர் வண்டி. ‘சப்வே’ என்று பெயர்தானே தவிர, உங்கள் பக்கத்தில் அது தெருவுக்கு மேலே தூண்களில் ஓடுகிறது.

வரைபடத்தைப் பார்த்து மிரள வேண்டாம். எண் தெரிந்தால் போதும். உங்கள் ஸ்டேஷன் 74ஆம் தெரு. கோயில் பக்கம் போகப் போக எண் ஏறும்: 82, 90, நடுவில் ஜங்ஷன் புலவார்ட், பிறகு 103, 111. அடுத்து பேஸ்பால் மைதான ஸ்டேஷன். அதற்கடுத்தது ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். அதோடு பாதை முடிகிறது. தூங்கிப்போனாலும் தாண்டிப் போக வழியில்லை. ஏறியபின் 69, 61 என்று எண் இறங்கினால் மன்ஹாட்டன் பக்கம் போகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள்.

டிக்கெட் வரிசையெல்லாம் இல்லை. ‘டேப்’ செய்கிற வங்கி அட்டையைக் கதவில் காட்டினால் 3 டாலர் பிடித்துக்கொள்ளும். நம்மூர் அட்டை என்றால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் முதலில் திறந்துவிடச் சொல்லுங்கள். சென்னை மெட்ரோ மாதிரி வெளியே வரும்போது மறுபடி காட்ட வேண்டாம். எவ்வளவு தூரம் போனாலும் அதே 3 டாலர்தான். ஃப்ளஷிங்கிலிருந்து கோயிலுக்கு அரை மணி நடை. முட்டி ஒத்துழைக்காவிட்டால் பஸ் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அதே அட்டையைக் காட்டினால் பஸ்ஸுக்குத் தனிக் காசு கிடையாது.

கவனம் வேண்டியது திரும்பும்போதுதான். 7ஆம் நம்பரில் இரண்டு ஜாதி வண்டி உண்டு. 7 வட்டத்துக்குள் இருந்தால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். வைர வடிவத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ். அது உங்கள் 74-ல் நிற்காது. காலை நெரிசல் நேரத்தில் எக்ஸ்பிரஸ் மன்ஹாட்டன் பக்கம் ஓடும். அதிகாலையில் போய்விட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினால், அதில்தான் ஏறிவிடுவீர்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் ஏறினேன். கையில் காய்கறிப் பையோடு, என் ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஆனால் பதற வேண்டாம். அடுத்து 61-ல் நிற்கும். இறங்கி, வெளியே போகாமல் ஃப்ளஷிங் பக்கப் பிளாட்ஃபாரத்துக்கு மாறி வட்ட வண்டியில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் உங்களுடையது. கூடுதலாக ஒரு சல்லிக்காசு ஆகாது.

சந்தேகம் வந்தால் பிளாட்ஃபாரத்தின் நடுவில் நில்லுங்கள். மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகை தொங்கும். வண்டி நின்றதும் கண்டக்டர் ஜன்னல் வழியாக அதைக் கைநீட்டிக் காட்டுவார். வண்டி சரியான இடத்தில் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அவரிடம் “செவன்ட்டி ஃபோர்?” என்று கேளுங்கள். தலையாட்டினால் ஏறுங்கள்.

கூட்டமான வண்டியில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் சந்தோஷப்பட்டு அதில் ஏறாதீர்கள். ஏசி ஓடாது, அல்லது உள்ளே நாற்றம் தாங்காது.

மாப்பிள்ளை சொல்லும் சனிக்கிழமைதான் உண்மையில் சிக்கல். தண்டவாள வேலைக்காக வாரக் கடைசியில் பாதையை மூடி, பதிலுக்கு பஸ் விடுவது அங்கே சகஜம். முதல் தடவை செவ்வாயோ புதனோ, காலை பத்தரைக்குமேல் கிளம்புங்கள், கூட்டமும் குறைந்திருக்கும். 1977-ல் குடமுழுக்கு கண்ட கோயில் அது. 2022-ல் அந்தத் தெருவுக்கே கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று கூடுதல் பெயர் வைத்தார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததும் மகளுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பிறகு கீழே கேன்டீனில் தோசை சாப்பிடலாம். விலையை மட்டும் ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள்.